அட்டைப்படம் வரவில்லையா, மாறி வருகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், உதகைப் பக்கம் பரணில் கிடக்கும் கேசட்டுகளையும் எல்.பி. இசைத்தட்டுகளையும் கணினியில் ஏற்றுகிறவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் இங்கே வந்து நிற்பார்கள்: பாட்டு நன்றாகக் கேட்கிறது, பெயரும் சரியாக வருகிறது, அட்டைப்படம் மட்டும் வரவில்லை. அல்லது வேறு எதனுடைய படமோ வருகிறது. பாட்டு ஓடினால் போதாதா, படம்தானே என்று விட்டுவிட எனக்கு மனம் வராது. சினிமாப் பாட்டுக்கு விவரம் பல இடங்களில் கிடைக்கும். இந்த மலையின் படுகர் மக்களுடைய பாட்டுக் கேசட்டுக்கும், கோயில் விழாவுக்கென்று உள்ளூரில் பதிவுசெய்த பாடல்களுக்கும் அப்படி இல்லை. பாடியவர் யார், எழுதியவர் யார், எந்த வருடம் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தச் சின்ன அட்டையில் மட்டும்தான் இருக்கும். பாட்டைக் காப்பாற்றி அட்டையை விட்டால் பாடியவர்களை விட்டதாகிவிடும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் சிக்கல் எதுவோ அங்கே நேராகப் போகலாம். அடுத்த பகுதியை மட்டும் தாண்டாமல் படித்துவிடுங்கள்.

முதலில் ஒரு கேள்வி: படம் எங்கே இருக்கிறது?

திரையில் தெரியும் அட்டைப்படம் மூன்று இடங்களில் ஒன்றிலிருந்து வருகிறது. முதல் இடம் பாட்டுக் கோப்பின் உட்புறம். எம்பி3 கோப்பில் ஐடி3 என்ற டேக் பகுதி உண்டு. பாட்டின் பெயர், பாடியவர் பெயரோடு படமும் அதற்குள் இருக்கும். ஃப்ளாக், எம்4ஏ கோப்புகளிலும் படத்துக்கென்று இதேபோல் தனி இடம் இருக்கிறது. இரண்டாவது இடம், பாட்டு இருக்கும் ஃபோல்டர். அங்கே ‘ஃபோல்டர்.ஜேபிஜி’, ‘கவர்.ஜேபிஜி’ என்ற ஆங்கிலப் பெயர்களில் ஒரு படம் தனியாகக் கிடந்தால் பல ப்ளேயர்கள் அதை எடுத்துக் காட்டும். மூன்றாவது, ப்ளேயரின் சொந்தச் சேமிப்பு. இணையத்தில் தேடி எடுத்த படத்தையோ, முன்பு ஒருமுறை படித்த படத்தையோ அது தனியாக வைத்துக்கொண்டு காட்டும்.

எந்த இடம் என்று கண்டுபிடிப்பது சுலபம். ஒரே ஒரு பாட்டை மட்டும் புதிதாக உண்டாக்கிய காலி ஃபோல்டருக்கு நகல் எடுங்கள். அதை இதுவரை அந்தப் பாட்டைத் தொடாத வேறொரு ப்ளேயரில், நெட்டை அணைத்துவிட்டுத் திறங்கள். படம் வந்தால் அது கோப்புக்குள் இருக்கிறது. வராவிட்டால் இத்தனை நாள் நீங்கள் பார்த்தது ஃபோல்டர் படம், அல்லது ப்ளேயர் தன்னிடம் வைத்திருந்த படம்.

என் முடிவு ஒன்றுதான்: படம் ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். நம் மலையில் எஸ்டேட் பக்கமோ சரிவான ஊர்களிலோ சிக்னல் எப்போது இருக்கும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நெட்டில் தேடிக் காட்டும் ப்ளேயரை இங்கே நம்பியிருக்க முடியாது. பாட்டைப் பென்டிரைவில் ஒருவருக்குக் கொடுத்தால் படமும் கூடவே போக வேண்டும்.

“கணினியில் படம் தெரிகிறது, போனுக்கு மாற்றினால் காணோம்”

அடிக்கடி வரும் சிக்கல் இது. படம் பாட்டுக்குள் இல்லை என்பதே இதன் பொருள். ஐட்யூன்ஸில் ‘கெட் ஆல்பம் ஆர்ட்வொர்க்’ கொடுத்துப் படம் வரவழைத்திருந்தால், அது அந்த மென்பொருளின் நூலகத்தில் தனியாகத்தான் சேமிக்கப்படும். கோப்புக்குள் போகாது. ஃபோல்டர் படமாக வைத்திருந்தால், பாட்டை மட்டும் நகல் எடுக்கும்போது படம் பின்தங்கிவிடும்.

உள்ளே வைக்கும் வேலைக்கு விண்டோஸிலும் மேக்கிலும் எம்பி3டேக் என்ற மென்பொருள் போதும். லினக்ஸில் கிட்3 நன்றாக இருக்கிறது. எம்பி3டேக்கில் ஆல்பத்தின் எல்லாப் பாட்டுகளையும் தேர்ந்தெடுங்கள். இடப்பக்கத்தின் அடியில் படத்துக்கான சின்னக் கட்டம் இருக்கும். அதில் ஏற்கெனவே ஏதாவது படம் இருந்தால் வலது க்ளிக் செய்து முதலில் நீக்குங்கள். அப்புறம் புதுப் படத்தைச் சேர்த்து, கண்ட்ரோலும் எஸ்ஸும் (மேக்கில் கமாண்டும் எஸ்ஸும்) சேர்த்து அழுத்திச் சேமியுங்கள். சேமிக்காமல் வேறு பாட்டுக்குப் போனால் மாற்றம் போய்விடும்.

செய்தும் வரவில்லை என்றால் கோப்பின் வகையைப் பாருங்கள். ஐடி3-இன் முதல் பதிப்பு கோப்பின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெறும் 128 பைட்டுதான். அதில் படத்துக்கு இடமே கிடையாது, தமிழ் எழுத்துக்கும் வழியில்லை. இரண்டாம் பதிப்பில் எழுதச் சொல்ல வேண்டும். எம்பி3டேக்கின் ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் டேக்ஸ், அதற்குள் எம்பெக் என்று போனால் இந்தத் தேர்வு இருக்கும். 2.3, யூடிஎஃப்-16 என்பதை வையுங்கள். பழைய கருவிகள் பலவும் 2.4-ஐப் படிப்பதில்லை, 2.3-ஐ ஏறக்குறைய எல்லாமே படிக்கும். தமிழ்ப் பெயர்களும் உடையாமல் நிற்கும்.

கேசட்டிலிருந்து நேராகப் பதிவுசெய்த கோப்பு வேவ் வகையாக இருந்தால் அதில் படம் வைக்க மெனக்கெட வேண்டாம். சில மென்பொருள்கள் வைத்துக் கொடுக்கும், ஆனால் பெரும்பாலான ப்ளேயர்கள் அதைத் தேடிப் பார்ப்பதில்லை. ஃப்ளாக்காக மாற்றிவிடுங்கள். ஒலியில் ஒரு துளியும் குறையாது, அளவு சிறியதாகும், படமும் டேக்கும் ஒழுங்காக உட்காரும்.

“போனில் தெரிகிறது, வண்டி ஸ்டீரியோவில் மட்டும் வரவில்லை”

கல்லாறு தாண்டி வளைவுகள் ஏறத் தொடங்கினால் போனில் பாட்டு அறுந்து அறுந்து வரும். அதனால் இங்கே டாக்ஸி, ஜீப் ஓட்டும் அண்ணன்மார் பென்டிரைவை விடமாட்டார்கள். அதில் வரும் புகார் இது. பாட்டுக்குள் படம் இருப்பது உறுதி, போனிலும் தெரிகிறது. வண்டியில் மட்டும் வெறும் இசைக்குறி நிற்கிறது.

குறை பெரும்பாலும் படத்தைச் சேமித்த விதத்தில் இருக்கும். ஜேபெக் படங்களில் இரண்டு விதம் உண்டு. ஒன்று மேலிருந்து கீழாக வரிவரியாக விரியும். இன்னொன்று முதலில் முழுப் படமும் மங்கலாக வந்து, போகப் போகத் தெளியும்; இதற்கு ப்ரோகிரசிவ் என்று பெயர். இணையத்திலிருந்து எடுக்கும் படங்களில் இந்த இரண்டாம் வகை நிறைய. கணினிக்கும் போனுக்கும் இரண்டும் ஒன்றுதான். வண்டி ஸ்டீரியோவிலும் கையடக்க ப்ளேயர்களிலும் இருக்கும் சின்னச் சில்லுகள் பலவற்றுக்கு முதல் வகை மட்டுமே தெரியும். பழைய ப்ளேயர்களில் போட்டுக்கொள்ளும் ராக்பாக்ஸ் மென்பொருளும் ப்ரோகிரசிவ் படத்தைக் காட்டாது. இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளில் படத்தைத் திறந்து ஆங்கில ஐ விசையை அழுத்தினால் வரும் விவரத்தில் ப்ரோகிரசிவா இல்லையா என்று எழுதியிருக்கும்.

சரிசெய்ய, படத்தைக் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்து ஜேபெக்காக ஏற்றுமதி செய்யும்போது மேம்பட்ட தேர்வுகளில் ‘ப்ரோகிரசிவ்’ என்ற கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். அதே கையோடு அளவையும் 500-க்கு 500 புள்ளியாகக் குறைத்துவிடுங்கள். வண்டித் திரைக்கு அதற்கு மேல் தேவையில்லை, கோப்பும் 100 கேபி சுற்றளவில் நின்றுவிடும். 3000 புள்ளி அகலத்தில் பல எம்பி அளவுள்ள படத்தைத் திறக்கப் போதிய நினைவகம் அந்தக் கருவிகளில் இருக்காது.

அச்சகத்திலிருந்து வாங்கிய படம் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். சிடி உறை அச்சடித்த கடைக்காரர் மூலக் கோப்பைக் கொடுத்தால் அது பெரும்பாலும் அச்சுக்கான நான்கு வண்ண முறையில், அதாவது சிஎம்ஒய்கே-யில் இருக்கும். திரைக்கு வேண்டியது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வண்ண முறை, அதாவது ஆர்ஜிபி. நான்கு வண்ணக் கோப்பை அப்படியே வைத்தால் சில கருவிகளில் படமே வராது, சிலவற்றில் முகமெல்லாம் பச்சையும் ஊதாவுமாகத் தெரியும். ஆர்ஜிபிக்கு மாற்றிச் சேமித்துவிட்டுப் பிறகு வையுங்கள்.

இவ்வளவும் செய்து வரவில்லையென்றால் பென்டிரைவ் ஃபேட்32 என்ற சேமிப்பு முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறதா, ஐடி3 பதிப்பு 2.3-தானா என்று பாருங்கள். அதற்கும் மேல் என்றால் அந்த ஸ்டீரியோவுக்கு யூஎஸ்பி வழியில் படம் காட்டும் வசதியே இல்லாமல் இருக்கலாம். உறுதிசெய்ய, படம் வருகிறது என்று தெரிந்த வேறொரு வண்டியில் அதே பென்டிரைவைச் செருகிப் பார்ப்பதுதான் வழி.

“ஜேபிஜி என்றுதான் பெயர் இருக்கிறது, ஆனால் எதுவும் ஏற்கவில்லை”

பெயர் ஜேபிஜி என்று முடிவதால் மட்டும் அது ஜேபெக் ஆகிவிடாது. இப்போது பல தளங்கள் படங்களை வெப்பி வகையில் தருகின்றன. சேமிக்கும்போது அதன் கடைசிப் பெயரைக் கையால் மாற்றிவிட்டால் உள்ளே இருப்பது மாறாது. உலாவி நன்றாகக் காட்டும். பாட்டு ப்ளேயர் விழிக்கும். படத்தை நோட்பேடில் திறந்து முதல் வரியை மட்டும் பாருங்கள். கிறுக்கெழுத்துகளுக்கு நடுவே ஜேஎஃப்ஐஎஃப் என்றோ எக்ஸிஃப் என்றோ நான்கு ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் அது ஜேபெக். பிஎன்ஜி என்று தெரிந்தால் அந்த வகை. ஆர்ஐஎஃப்எஃப் என்று தொடங்கிச் சற்றுத் தள்ளி வெப்பி என்று வந்தால் பெயர்தான் மாறியிருக்கிறது. பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடுங்கள். நோட்பேடில் சேமித்தால் படம் கெட்டுவிடும். பிறகு பெயின்டிலோ கிம்பிலோ திறந்து, ‘சேவ் ஆஸ்’ கொடுத்து ஜேபெக்காக எடுத்தால் முடிந்தது.

“வேறு சினிமாவின் அட்டை வந்து நிற்கிறது”

தானாகத் தேடிப் படம் ஒட்டும் வசதியை ஓடவிட்டால் தமிழ்ச் சினிமாப் பாட்டில் இது நடந்தே தீரும். ஒரே பெயரில் இரண்டு படங்கள் நம்மிடம் ஏராளம். ‘பில்லா’ என்று மட்டும் டேக்கில் இருந்தால், 1980-இல் எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைத்ததா, 2007-இல் யுவன்சங்கர் ராஜா இசையமைத்ததா என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? ‘பொல்லாதவன்’ என்ற பெயரிலும் அதே இரண்டு வருடங்களில் இரண்டு படங்கள் வந்திருக்கின்றன. ஆல்பம் பெயரிலேயே வருடத்தைச் சேர்த்துவிடுங்கள். வருடத்துக்கென்று தனி இடம் இருந்தாலும், ஆல்பங்களைச் சேர்த்துப் பிரிக்கும்போது பல ப்ளேயர்கள் அந்த இடத்தைப் பார்ப்பதில்லை. பெயரோடு சேர்த்து எழுதினால் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொரு காரணம் ஆல்பம் பெயர் காலியாக இருப்பது. அப்படி இருந்தால் ஆண்ட்ராய்டு அந்தக் கோப்பு கிடக்கும் ஃபோல்டரின் பெயரையே ஆல்பம் பெயராக எடுத்துக்கொள்ளும். வாட்ஸப்பில் வந்த பாட்டெல்லாம் ‘வாட்ஸப் ஆடியோ’ என்ற ஒரே ஆல்பமாகி, அவற்றில் ஏதோ ஒன்றின் படம் எல்லாவற்றுக்கும் வருவது இதனால்தான். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைப் பாட்டும் மாமா அனுப்பிய கல்யாண வீடியோவின் ஒலியும் ஒரே அட்டையோடு தெரிந்தால், படத்தைத் தொட வேண்டாம். ஆல்பம் பெயரை நிரப்புங்கள். சிக்கல் அதோடு போய்விடும்.

ஒரு பக்கம் ஒரு சினிமாவின் பாட்டு, மறுபக்கம் இன்னொரு சினிமாவின் பாட்டு என்று வந்த கேசட்டுகளுக்கு என்ன செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். இரண்டு ஆல்பமாகப் பிரித்து, இரண்டுக்கும் அதே அட்டையை வைப்பது என் வழக்கம். கேசட் அப்படித்தான் வந்தது. அட்டையை நடுவில் வெட்டினால் இரண்டு பக்கமும் அரைகுறையாகிவிடும்.

கைமாறி வந்த எம்பி3 கோப்புகளில், அட்டைக்குப் பதிலாக ஏதோ ஒரு தளத்தின் சின்னம் வருவதும் உண்டு. எல்லாப் பாட்டையும் தேர்ந்தெடுத்து அந்தப் படத்தை நீக்குங்கள். அப்படியே குறிப்புப் பகுதியையும் பாருங்கள், அங்கேயும் தளத்தின் பெயர் எழுதியிருக்கும். அதையும் துடைத்துவிடலாம்.

“ஒரே ஆல்பம் ஐந்தாறு துண்டாக உடைந்து தெரிகிறது”

படம் இரண்டு பாட்டுக்குத் தெரிகிறது, மற்றவற்றுக்கு இல்லை. கேட்டால் அவை வேறு ஆல்பமாம். இதில் தமிழுக்கே உரிய இரண்டு காரணங்கள் இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் காரணம், நம் ஆல்பங்களில் பாட்டுக்குப் பாட்டு பாடகர் மாறுவார். ‘ஆர்ட்டிஸ்ட்’ என்ற இடத்தில் பாடகர் பெயரைப் போடுவதுதான் முறை. ஆனால் ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற இன்னொரு இடம் காலியாக இருந்தால், ஒவ்வொரு பாடகருக்கும் ஒரு ஆல்பம் என்று ப்ளேயர் பிரித்துவிடும். சினிமாவுக்கு இசையமைப்பாளர் பெயரை அங்கே போடுங்கள். நம் கடைகளும் வீடுகளும் எப்போதும் அப்படித்தான் அடுக்கி வந்திருக்கின்றன. படுகர் பாட்டுத் தொகுப்புக்குக் கேசட் அட்டையின் முன்புறத்தில் யார் பெயர் பெரிதாக இருக்கிறதோ அவர் பெயர். குழுவாகப் பாடியது என்றால் குழுவின் பெயர், அல்லது ஊரின் பெயர். எதுவானாலும் ஆல்பம் முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. ‘கோத்தகிரி’ என்று இரண்டு பாட்டில் எழுதியிருக்கிறது, பார்க்க ஒன்றுபோலவே இருக்கிறது. ஆனாலும் இரண்டு ஆல்பமாகத் தெரிகிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ‘கோ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பின்னால் ஓகாரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒரு விதம். ஏகார இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைப்பது இன்னொரு விதம். ஒகரத்துக்கும் இப்படியே. மேக்கில் முன்பு இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு முறை கோப்புப் பெயர்களைப் பிரித்து வைக்கும் வகை. அங்கிருந்து வந்த கோப்பின் பெயரை வைத்து டேக் நிரப்பினால் இது உள்ளே வந்துவிடும். ‘கௌரி’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ள-வும் தட்டச்சு செய்து ‘கெளரி’ என்று எழுதுவதும் இதே விளைவைத் தரும். ரேஷன் அட்டையில் ஒரு எழுத்து மாறினால் ஒரே ஆள் இரண்டு ஆளாவதைப் போலத்தான். பெயருக்குப் பின்னால் தெரியாமல் விழுந்த ஒரு இடைவெளியும் இதைச் செய்யும்.

எந்த எழுத்தில் பிழை என்று தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆல்பத்தின் எல்லாப் பாட்டையும் தேர்ந்தெடுத்து, ஆல்பம் பெயரையும் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்டையும் ஒருமுறை புதிதாகத் தட்டச்சு செய்து சேமித்துவிடுங்கள். எல்லாவற்றிலும் ஒரே குறிகள் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் தமிழா ஆங்கிலமா என்பதையும் ஒருமுறை முடிவுசெய்துகொள்ளுங்கள். பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் இளையராஜா இருந்தால் ப்ளேயர் இரண்டு இளையராஜாவைக் காட்டும். எனக்குத் தமிழ்தான் பிடிக்கும். ஆனால் வண்டி ஸ்டீரியோவில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்றால், பென்டிரைவுக்கு மட்டும் ஆங்கில டேக்கோடு தனி நகல் வைப்பது நல்லது.

“படத்தை மாற்றிவிட்டேன், பழையதே வருகிறது”

இது மூன்றாவது இடத்தின் வேலை, ப்ளேயரின் சேமிப்பு. போனில் அந்தச் செயலியின் தற்காலிகச் சேமிப்பை அழித்துவிட்டுப் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிட்டால் அந்த ஆல்பம் ஃபோல்டரைப் போனிலிருந்து எடுத்துவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி ஏற்றுங்கள்.

விண்டோஸில் பழைய மீடியா ப்ளேயர் பயன்படுத்தியிருந்தால், அது பாட்டு ஃபோல்டருக்குள் மறைவாகச் சில படங்களை வைத்திருக்கும். 200-க்கு 200 புள்ளி அளவில் மங்கலான ‘ஃபோல்டர்.ஜேபிஜி’ ஒன்றும், ‘ஆல்பம்ஆர்ட்’ என்று தொடங்கும் பெயரில் இன்னும் சிலவும் இருக்கும். மறைந்த கோப்புகளோடு பாதுகாக்கப்பட்ட இயக்கக் கோப்புகளையும் காட்டச் சொன்னால்தான் கண்ணில் படும். அழித்துவிடலாம்.

ஒரே பாட்டுக்குள் இரண்டு படங்கள் இருப்பதும் உண்டு. புதியதைச் சேர்க்கும்போது பழையதை நீக்காமல் விட்டிருப்பார்கள். ஒரு ப்ளேயர் முதல் படத்தைக் காட்டும், இன்னொன்று மற்றதைக் காட்டும். அதனால்தான் மேலே, முதலில் நீக்கிவிட்டு அப்புறம் சேருங்கள் என்றேன்.

“கேலரி முழுக்க அட்டைப்படம்” / “அட்டையை மறைத்ததும் பாட்டையே காணோம்”

ஃபோல்டர் படமாக வைத்தால் குடும்பப் புகைப்படங்களுக்கு நடுவே கேசட் அட்டைகளும் வந்து நிற்கும். இதற்கு ‘.நோமீடியா’ என்ற பெயரில் ஒரு காலிக் கோப்பைப் போடச் சொல்லிப் பலரும் வழி சொல்வார்கள். பாட்டு ஃபோல்டரில் அதைப் போடாதீர்கள். அந்த ஃபோல்டரில் எதையுமே பார்க்காதே என்று ஆண்ட்ராய்டுக்குச் சொல்வது அது. படத்தோடு சேர்ந்து பாட்டும் பட்டியலிலிருந்து போய்விடும். பாட்டு அழியவில்லை, மறைந்திருக்கிறது. அந்தக் கோப்பை நீக்கினால் திரும்பி வரும். படத்தைப் பாட்டுக்குள் வைத்துவிட்டால் ஃபோல்டர் படமே தேவைப்படாது.

“படம் பக்கவாட்டில் படுத்திருக்கிறது”

போனில் எடுத்த படம். போன் படத்தைத் திருப்பிச் சேமிக்காமல், ‘திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பை மட்டும் அதில் எழுதிவைக்கும். கேலரி அந்தக் குறிப்பைப் படிக்கும், பாட்டு ப்ளேயர் படிக்காது. படத்தைத் திறந்து ஓரத்தைச் சற்று வெட்டிச் சேமித்தால் திரும்பிய நிலையிலேயே பதிவாகும்.

“சேகரிப்பு திடீரென்று பெருத்துவிட்டது”

4 எம்பி படத்தை 12 பாட்டுள்ள ஆல்பத்தில் வைத்தால் 48 எம்பி படத்துக்கே போகும். வண்டிக்கு 500 புள்ளி என்றேன்; மற்றவற்றுக்கு உள்ளே வைப்பது 600 அல்லது 800 புள்ளி அகலத்தில் இருந்தால் போதும். பெரிய மூலப் படத்தைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

“இணையத்தில் எங்கே தேடினாலும் இந்தக் கேசட்டின் அட்டை இல்லை”

நம் மலைப் பாட்டுகளுக்கு வருகிறேன். பிகார்ட் போன்ற டேக் நிரப்பும் மென்பொருள்கள், பலரும் சேர்ந்து இசை விவரங்களைத் தொகுக்கும் மியூசிக்ப்ரெயின்ஸ் தளத்தின் தரவிலும், அதோடு இன்டர்நெட் ஆர்கைவ் சேர்ந்து 2012-இல் தொடங்கிய கவர் ஆர்ட் ஆர்கைவிலும் படம் தேடும். யாரோ ஒருவர் ஏற்றியிருந்தால்தான் அங்கே இருக்கும். படுகர் கேசட்டைத் தேடி ஒன்றும் வரவில்லை என்றால் மென்பொருளில் கோளாறு இல்லை. இன்னும் யாரும் ஏற்றவில்லை. ஏற்ற வேண்டியவர்கள் நாம்தான். கணக்குத் தொடங்கி யார் வேண்டுமானாலும் ஆல்பத்தைச் சேர்க்கலாம், அட்டையையும் ஏற்றலாம்.

அதற்கு முதலில் அட்டை நல்லபடியாக வெளியே வர வேண்டும். இங்கே ஈரம்தான் எதிரி. தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையுமாக வருடத்தில் பாதி மாதங்கள் பெட்டிக்குள் ஈரம் நிற்கும். அட்டை பிளாஸ்டிக் மூடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், அச்சு மை பிளாஸ்டிக்கிலேயே தங்கிவிடும். மூடியைத் திறந்த நிலையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட இறுக்கமான டப்பாவுக்குள் சில நாள் வையுங்கள். அடுப்புப் பக்கம் வைத்தால் காகிதம் சுருண்டுவிடும். காய்ந்ததும் பெரும்பாலும் தானே விடும். விடவில்லையென்றால் மூடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்வது கிழிப்பதைவிட மேல். பூஞ்சை இருந்தால் வீட்டுக்கு வெளியே, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, மிருதுவான காய்ந்த பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். ஈரத்துணி கூடாது, மலிவு அச்சின் சிவப்பு முதலில் கரையும். பூஞ்சை நாடாவிலும் இருந்தால் அந்தக் கேசட்டை டெக்கில் போடாதீர்கள், மற்றவற்றுக்கும் தொற்றும்.

ஸ்கேன் 600 டிபிஐ-யில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் எடுங்கள். கேசட் அட்டையின் முன்பக்கம் ஏறக்குறைய ஆறரைக்குப் பத்து சென்டிமீட்டர். அந்த அளவில் 1500-க்கு 2400 புள்ளி கிடைக்கும். அச்சு என்பது சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள் என்பதால், குறைந்த அளவில் ஸ்கேன் செய்தால் முகத்தின் மேல் வலைபோல அலையலையாகக் கோடு வரும். பெரிதாக எடுத்துப் பிறகு சிறியதாக்கினால் அது மறையும். ஸ்கேனர் மென்பொருளில் ‘டீஸ்க்ரீன்’ என்ற தேர்வு இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளலாம். டிசம்பர், ஜனவரிக் காலையில் குளிர்ந்து கிடக்கும் ஸ்கேனர் கண்ணாடி, ஹீட்டர் போட்டதும் வியர்க்கும். படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வந்தால் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுத்து, துடைத்துவிட்டு எடுங்கள்.

எல்.பி. உறை 31 சென்டிமீட்டர் சதுரம், ஏ4 ஸ்கேனரில் எந்தப் பக்கமும் அடங்காது. நான்கு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் கேமராவில் எடுக்க வேண்டும். நான் கேமராவைத்தான் சொல்வேன். பளபளப்பு உறையில் விளக்கும் வெயிலும் பட்டால் வெள்ளைத் திட்டு விழும். மூடுபனி இறங்கிய நாளில் ஜன்னல் ஓரமாகச் சுவரில் சாய்த்து, நேர் எதிரே நின்று எடுத்துப் பாருங்கள். அந்த வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக விழும், நிழலும் இருக்காது, திட்டும் இருக்காது. நிமிடத்துக்கு 45 சுற்றில் ஓடும் சின்ன ஈ.பி. தட்டின் உறை ஸ்கேனரிலேயே அடங்கிவிடும்.

கேசட் அட்டை நெட்டையானது, ப்ளேயர் கேட்பது சதுரம். மேலும் கீழும் வெட்டாதீர்கள். வெட்டினால் போவது பாடியவர்களின் பெயர் வரிதான். சதுர வெள்ளைத் தளத்தின் நடுவில் அட்டையை வைத்து, இரண்டு பக்கமும் அட்டையின் ஓர வண்ணத்தையே நிரப்புங்கள். மடிப்பின் உட்புறம் இருக்கும் பாட்டுப் பட்டியலையும் ஸ்கேன் செய்து, டேக்கில் பின்னட்டை அல்லது உள்தாள் என்ற வகையில் இரண்டாவது படமாகச் சேர்க்கலாம். முன்னட்டை முதலில் இருக்க வேண்டும், ஏனென்றால் வகையைப் பார்க்காமல் முதல் படத்தையே காட்டும் ப்ளேயர்கள் நிறைய.

சுருக்காத மூலப் படத்தை ஆல்பம் ஃபோல்டருக்கு வெளியே, ‘அட்டைகள்’ என்ற தனி ஃபோல்டரில், ஆல்பத்தின் பெயரிலேயே வையுங்கள். இன்னொரு வட்டிலும் ஒரு நகல் இருக்கட்டும்.

அட்டையே தொலைந்துபோன கேசட்டுகளும் இருக்கும். வானொலியிலிருந்து பதிவுசெய்தவற்றுக்கு அட்டை எப்போதுமே கிடையாது. அந்த இடத்தில் அழகான ஒரு மலைப் படத்தை வைக்கத் தோன்றும். அதற்குப் பதிலாக, கேசட்டின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளையோ, யாரோ பேனாவால் எழுதிய பக்கத்தையோ படமெடுத்து வையுங்கள். எழுத்து கோணலாக இருந்தாலும் அது அந்தக் கேசட்டினுடையது. குறிப்புப் பகுதியில் ‘அசல் அட்டை இல்லை’ என்று எழுதிவிடுங்கள். பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊரில்) யாராவது அதே கேசட்டை அட்டையோடு வைத்திருந்து கொடுத்தால், அந்தக் குறிப்பைத் தேடினால் மாற்ற வேண்டிய ஆல்பங்கள் எல்லாம் வரிசையாக வந்துவிடும்.